முதல் வெள்ளிக்கிழமைத் தீர்ப்பு: பேய்ப் படங்களுக்கான ரேட்டிங்கை எவ்வளவு நம்பலாம்?

நாலு சினிமா ரசிகர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்தால் இந்தப் பேச்சு வராமல் போகாது. உலகத்திலேயே பெஸ்ட் ஹாரர் படம் எது? சயின்ஸ் ஃபிக்‌ஷனில் முதல் இடம் எதற்கு? ஒருவர் 'ஏலியன்' என்பார். "அது ஹாரர் படம்ப்பா, அதை எப்படி சயின்ஸ் ஃபிக்‌ஷன் லிஸ்ட்ல சேர்ப்ப?" என்று இன்னொருவர் மடக்குவார். மூன்றாமவர், 'தி ஷைனிங்' பார்த்த பிறகு ஹோட்டல் காரிடாரில் தனியாக நடக்கவே பயம் என்பார். டீ ஆறிப்போகும், சண்டை சூடாகும். கடைசியில் நான்காவது ஆள் மொபைலை எடுத்து, "இதுக்கு 8.5, அதுக்கு 8.2. முடிஞ்சுதா?" என்பார்.

முடிந்துவிடும். அந்த எண்ணை யார் போட்டார்கள், அது எதை அளக்கிறது என்று மேசையில் யாரும் கேட்பதில்லை. ஆனால் இந்த வார இறுதியில் எந்தப் படத்துக்கு டிக்கெட் போடுவது, ஓடிடியில் எதைத் தள்ளிவிடுவது என்று நம்மில் பலர் முடிவு செய்வது அந்த எண்ணைப் பார்த்துத்தான். மற்ற எந்த வகைப் படத்தையும்விட ஹாரரும் சயின்ஸ் ஃபிக்‌ஷனும்தான் இந்த எண்களால் அதிகம் அடிபடுகின்றன. ஏன் என்று புரிய 44 வருடம் பின்னால் போக வேண்டும்.

1982 ஜூன் 25

அன்று வெள்ளிக்கிழமை. அமெரிக்கத் திரையரங்குகளில் ஒரே நாளில் இரண்டு படங்கள் வெளியாகின. ஒன்று ஜான் கார்ப்பென்டர் இயக்கிய 'தி திங்'. இன்னொன்று ரிட்லி ஸ்காட் இயக்கிய 'பிளேடு ரன்னர்'. இன்றைக்கு எந்த ரசிகர் பட்டியல் போட்டாலும் ஹாரரில் முதல் பத்துக்குள் முன்னதும், சயின்ஸ் ஃபிக்‌ஷனில் முதல் பத்துக்குள் பின்னதும் அநேகமாக இருக்கும். அன்றைக்கு இரண்டுமே ஊத்திக்கொண்டன.

காரணம் கேட்டால் எல்லோரும் கைகாட்டுவது இரண்டு வாரம் முன்னால் வந்திருந்த ஒரு படத்தை. ஜூன் 11 அன்று ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' வந்துவிட்டது. வேற்றுக்கிரகவாசி என்றால் பிள்ளைகளோடு சைக்கிளில் போகிற, வீட்டுக்குப் போக ஏங்குகிற ஒரு குட்டி ஜீவன் என்று ஊரே உருகிக்கொண்டிருந்த நேரம். அமெரிக்காவில் மட்டும் அது 35 கோடி டாலருக்கு மேல் அள்ளியது. அந்தக் கூட்டத்துக்கு நடுவே, அண்டார்டிகா முகாம் ஒன்றில் நாய்க்குள்ளும் நண்பனுக்குள்ளும் புகுந்து, ஆளைப் போலவே வேஷம் போட்டு, வயிற்றைப் பிளந்து கையைக் கடிக்கிற ஒரு வேற்றுக்கிரக ஜந்துவைக் கொண்டுவந்து நிறுத்தினார் கார்ப்பென்டர்.

விமர்சகர்கள் துவைத்தெடுத்தார்கள். ராப் பாட்டின் என்ற இளைஞர் தன் குழுவோடு ரப்பரிலும் பசையிலும் உருவாக்கிய அந்த உருவங்களை அருவருப்பு என்றார்கள். பாத்திரங்களில் உயிர் இல்லை என்றார்கள். சுமார் 1.5 கோடி டாலர் செலவில் எடுத்த படம் அமெரிக்காவில் 2 கோடி டாலரைக்கூடத் தொடவில்லை. அந்தத் தொகையில் தியேட்டர்காரர்களின் பங்கு போக ஸ்டூடியோவுக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அந்த வருடத்தின் மோசமான படங்களுக்குத் தரப்படும் ராஸி விருதுக்கு இதன் இசை பரிந்துரைக்கப்பட்டது. இசையமைத்தவர் யார் தெரியுமா? என்னியோ மாரிகோன். 'தி திங்' படத்துக்காக அவர் எழுதி, பயன்படுத்தாமல் விட்ட இசைத் துண்டுகளில் சில, பல வருடம் கழித்து குவென்டின் டாரன்டினோவின் 'தி ஹேட்ஃபுல் எயிட்' படத்தில் சேர்ந்தன. அந்தப் படத்துக்காக 2016-ல் மாரிகோன் ஆஸ்கர் வாங்கினார்.

இதையெல்லாம் இன்று சொல்லிச் சிரிக்கலாம். கார்ப்பென்டருக்கு அது சிரிப்பாக இல்லை. அடுத்து அவர் இயக்குவதாக இருந்தது ஸ்டீபன் கிங் நாவலான 'ஃபயர்ஸ்டார்ட்டர்'. 'தி திங்' விழுந்ததும் அந்த வேலை கைவிட்டுப் போனது. வேலைக்குப் போகிற நமக்கு இந்த இடம் நன்றாகவே புரியும். ஒரு ப்ராஜெக்ட்டின் முதல் மூன்று நாள் ரிப்போர்ட்டை வைத்து அடுத்த ப்ராஜெக்ட்டைப் பிடுங்கிக்கொள்வது போலத்தான் அது.

படத்தை மீட்டது வீடியோ கேசட். கேபிள் டிவியும் கைகொடுத்தது. அருவருப்பு என்று எதைச் சொன்னார்களோ அதையே ரசிகர்கள் நிறுத்தி, ரீவைண்ட் பண்ணிப் பார்த்தார்கள். 'யார் மனிதன், யார் ஜந்து' என்று யாருக்கும் யார் மேலும் நம்பிக்கை இல்லாத அந்தக் குளிர், இரண்டாவது முறை பார்க்கும்போதுதான் உறைத்தது. தென் துருவத்தில் உள்ள அமுண்ட்சன்-ஸ்காட் ஆய்வு நிலையத்தில், குளிர்காலத்துக்கு முந்தைய கடைசி விமானம் கிளம்பிப் போனதும், அங்கேயே தங்குகிறவர்கள் இந்தப் படத்தைப் போட்டுப் பார்ப்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அடுத்த சில மாதங்களுக்கு வெளியே போக வழியில்லாதவர்கள் அவர்கள். அதைவிடப் பெரிய விமர்சனம் ஒரு ஹாரர் படத்துக்குக் கிடைக்குமா என்ன?

'பிளேடு ரன்னர்' கதை வேறு மாதிரி. முன்னோட்டக் காட்சியில் பார்த்தவர்களுக்குப் புரியவில்லை என்று ஸ்டூடியோ பயந்து, ஹீரோவின் பின்னணிக் குரலையும் ஒரு சந்தோஷ முடிவையும் ஒட்டவைத்தது. 1992-ல் அவற்றை நீக்கிய ஒரு பதிப்பு வந்தது. 2007-ல் ஸ்காட் முழுக்கத் தன் விருப்பப்படி செய்த இறுதிப் பதிப்பு வந்தது. ரேட்டிங் தளத்தில் இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பக்கம், ஒரே எண்தான். ஆக, "பிளேடு ரன்னருக்கு எத்தனை மார்க்?" என்று கேட்டால், "எந்த பிளேடு ரன்னருக்கு?" என்று திருப்பிக் கேட்பதுதான் நியாயம்.

அந்த எண் எப்படி வருகிறது?

நாம் அடிக்கடி பார்ப்பது ஐஎம்டிபி. அதன் டாப் 250 பட்டியல் வெறும் சராசரி இல்லை. ஒரு படத்துக்குக் குறைந்தபட்சம் 25,000 ஓட்டு இருந்தால்தான் அந்தப் பட்டியலில் இடம் கிடைக்கும். அதற்கு மேல், ஓட்டுக் குறைவாக உள்ள படத்தின் மதிப்பெண்ணைப் பொதுச் சராசரியை நோக்கி இழுக்கிற ஒரு கணக்கு இருக்கிறது. எளிமையாகச் சொன்னால், ஒவ்வொரு படத்துக்கும் சராசரி மார்க் போட்ட 25,000 கற்பனை ஓட்டுகளை முதலிலேயே சேர்த்துவிடுவது போல.

ஒரு உதாரணம் பார்ப்போம். பொதுச் சராசரி 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்னப் படத்துக்கு 30,000 பேர் ஓட்டுப் போட்டு, சராசரி 9 வருகிறது. கணக்கு முடிந்ததும் அது 8.09 ஆகிவிடும். ஒரு பெரிய படத்துக்கு 10 லட்சம் பேர் ஓட்டு, சராசரி 8.5. அது 8.46-க்கு மேல் குறையாது. பார்த்தவர்களுக்கு அதிகம் பிடித்தது சின்னப் படம். பட்டியலில் மேலே இருப்பது பெரிய படம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. நாலு நண்பர்கள் சேர்ந்து பத்துக்குப் பத்து போட்டு ஒரு படத்தை உச்சியில் ஏற்றிவிடக் கூடாது என்பதற்கான நல்ல ஏற்பாடுதான் அது. ஆனால் தமிழிலோ ஜப்பானிய மொழியிலோ வந்த, சப்டைட்டிலோடு கொஞ்சம் பேர் மட்டும் பார்த்த ஒரு திகில் படத்துக்கு அந்த ஏற்பாடு ஒரு சுவர். மசாகி கோபயாஷியின் 'க்வைடான்' 1965-ல் கான் விழாவில் நடுவர்களின் சிறப்புப் பரிசு வாங்கிய படம். நம் மேசைப் பட்டியலில் அதன் பெயரை யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

அந்த ஏற்பாட்டையும் ரசிகர் படை மீறும். 2008 ஜூலையில் 'தி டார்க் நைட்' வந்த சூட்டில் பட்டியலின் முதல் இடத்தில் இருந்த 'தி காட்ஃபாதர்' கீழே இறங்கியது. பேட்மேன் ரசிகர்கள் காட்ஃபாதருக்கு ஒரு மார்க் போட, காட்ஃபாதர் ரசிகர்கள் பதிலுக்கு பேட்மேனுக்கு ஒரு மார்க் போட்டார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. சண்டை அடங்கியபோது முதல் இடத்தில் 'தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' உட்கார்ந்திருந்தது. 1994-ல் தியேட்டரில் ஓடாமல் போய், பிறகு டிவியில் வாழ்ந்த படம் அது என்பது இதில் ஒரு தனி வேடிக்கை.

ராட்டன் டொமேட்டோஸ் காட்டும் சதவீதம் வேறு கணக்கு. அது மதிப்பெண்ணே இல்லை. எத்தனை விமர்சகர்கள் 'பார்க்கலாம்' என்ற பக்கம் நின்றார்கள் என்ற எண்ணிக்கை. நூறு விமர்சகர்களும் "பரவாயில்லை, ஒரு தடவை பார்க்கலாம்" என்று சொன்னால் அந்தப் படத்துக்கு 100 சதவீதம். எண்பது பேர் "மிரட்டிட்டாங்க" என்று கொண்டாடி, இருபது பேர் எழுந்து போய்விட்டால் 80 சதவீதம். இந்த இரண்டில் எந்தப் படம் பத்து வருடம் கழித்தும் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும்? யாரையும் உறுத்தாத படம் மேலே வர, ஆளைப் பிரிக்கிற படம் கீழே போகிறது. நல்ல ஹாரர் படம் ஆளைப் பிரிக்காமல் என்ன செய்யும்?

இதில் எனக்கு மிகவும் விசித்திரமாகத் தெரிவது சினிமாஸ்கோர். அமெரிக்காவில் படம் வெளியாகும் முதல் இரவில், தியேட்டரை விட்டு வெளியே வருகிறவர்களிடம் சீட்டுக் கொடுத்து ஏ ப்ளஸ் முதல் எஃப் வரை கிரேடு போடச் சொல்வார்கள். ஸ்டூடியோக்கள் இதை உன்னிப்பாகப் பார்க்கும். 2018-ல் அரி ஆஸ்டரின் 'ஹெரிடிட்டரி'க்கு இதில் கிடைத்தது டி ப்ளஸ், கிட்டத்தட்ட ஃபெயில். அதே படத்தை விமர்சகர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அளவுக்குப் பாராட்டியிருந்தார்கள். சுமார் 1 கோடி டாலர் செலவில் எடுத்த அது, உலக அளவில் 8 கோடி டாலர் வசூலித்தது. ராபர்ட் எக்கர்ஸின் 'தி விட்ச்' படத்துக்கு சி மைனஸ். ஆண்ட்ரே தார்கோவ்ஸ்கி 1972-ல் படமாக்கிய அதே நாவலை வைத்து 2002-ல் ஹாலிவுட்டில் வந்த 'சோலாரிஸ்' படத்துக்கு எஃப்.

யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. காமெடி படம் பார்த்தவர் சிரித்துக்கொண்டே வெளியே வருவார், நல்ல மார்க் போடுவார். 'ஹெரிடிட்டரி' பார்த்தவர் முகம் வெளுத்து, வயிறு கலங்கி வெளியே வருவார். அவரிடம் உடனே ஒரு சீட்டை நீட்டினால் கோபத்தைத்தான் எழுதுவார். படம் தன் வேலையைச் சரியாகச் செய்ததற்கான அத்தாட்சி அது. கிரேடு அட்டையில் அது தோல்வியாகப் பதிவாகிறது. டிரெய்லரைப் பார்த்து 'திடுக் திடுக்'கென்று நாலு இடத்தில் தூக்கிப்போடும் படம் என நினைத்து வந்தவருக்கு, ஒரு குடும்பத்தின் துக்கத்தை மெல்ல மெல்லக் காட்டினால் எரிச்சல் வரத்தானே செய்யும்? எதிர்பார்த்தது கிடைத்ததா என்பதைத்தான் அந்த கிரேடு சொல்கிறது.

'ஏலியன்' பேய்ப் படமா?

சரி, மேசைச் சண்டைக்கு வருவோம். 'ஏலியன்' எந்த லிஸ்ட்டில் வரும்?

1979-ல் வந்த அந்தப் படத்தில் விண்கலம் இருக்கிறது, ரோபோ இருக்கிறது, தூங்கிக்கொண்டே கிரகம் விட்டுக் கிரகம் போகிறார்கள். ஆனால் கதையின் எலும்பைப் பார்த்தால், பூட்டிய பழைய வீட்டுக்குள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிற கதைதான். சாப்பாட்டு மேசையில் ஒருவரின் நெஞ்சைப் பிளந்துகொண்டு ஜந்து வருகிற காட்சியை எடுக்கும்போது, எவ்வளவு ரத்தம் தெறிக்கும் என்று மற்ற நடிகர்களுக்கு முழுதாகச் சொல்லவில்லை. வெரோனிகா கார்ட்ரைட் முகத்தில் தெரிகிற அதிர்ச்சியில் பாதி நடிப்பே இல்லை. சயின்ஸ் ஃபிக்‌ஷன் எழுத்தாளர்களும் வாசகர்களும் கொடுக்கும் ஹ்யூகோ விருதும் இந்தப் படத்துக்குக் கிடைத்தது, ஹாரர் பட்டியல்களிலும் முதல் வரிசையில் நிற்கிறது. என்னைக் கேட்டால் இரண்டிலும் சேர்க்கலாம். இந்த இரண்டு வகைகளும் பிறக்கும்போதே ஒட்டிப் பிறந்தவை. மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' 1818-ல் வந்தபோது அதில் விஞ்ஞானமும் இருந்தது, பிணமும் இருந்தது. 1954-ல் ஜப்பானில் 'காட்ஸில்லா' வந்தபோது, அதே வருடம் மார்ச்சில் அமெரிக்க ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் கதிரியக்கச் சாம்பலில் மாட்டிய ஜப்பானிய மீன்பிடிப் படகின் நினைவு மக்களுக்கு ஆறவே இல்லை. அந்த மிருகத்தைப் பார்த்து அவர்கள் பயந்தது விஞ்ஞானத்தைப் பார்த்தா, பேயைப் பார்த்தா?

தமிழில் இந்தக் குழப்பம் இன்னும் கொஞ்சம் ருசியானது. நாம் 'ஹாரர்' என்றால் பாதிப் பேருக்கு அது 'பேய்ப் படம்'. பேய் இருந்தால்தான் பேய்ப் படம். அந்த அளவுகோலில் 'ஏலியன்' வராது, 'தி திங்' வராது, 'சைக்கோ' வராது. 'திகில் படம்' என்று கேட்டால் மூன்றும் வரும். 'சந்திரமுகி' பேய்ப் படமா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். "பேய்தான்" என்று ஒருவரும், "அது மனநோய்னு டாக்டரே சொல்றாரே" என்று இன்னொருவரும் சொல்வார்கள். 1993-ல் வந்த மலையாள மூலமான 'மணிச்சித்திரத்தாழ்' காலத்திலிருந்து ஓயாத வாதம் அது. அப்புறம் 2011-ல் வந்த 'காஞ்சனா'வுக்குப் பிறகு பயமும் சிரிப்பும் மாறி மாறி வருகிற ஒரு தனி வகையே இங்கே வேர்விட்டுவிட்டது. அமெரிக்கத் தளம் ஒன்றின் 'ஹாரர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் 'காஞ்சனா'வையும் 'ஹெரிடிட்டரி'யையும் போட்டு, ஒரே தராசில் நிறுத்தினால் அந்த எடைக்கு என்ன அர்த்தம்?

பத்து வருடத்துக்கு ஒரு முறை

எல்லாப் பட்டியலும் குப்பை என்று நான் சொல்லவில்லை. பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 1952 முதல் பத்து வருடத்துக்கு ஒரு முறை விமர்சகர்களிடம் கேட்டு ஒரு பட்டியல் போடுகிறது. அவசரமே இல்லாத பட்டியல். 2022-ல் விமர்சகர்களின் தேர்வில் ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'க்கு ஆறாவது இடம், இயக்குநர்களிடம் தனியாக நடத்திய தேர்வில் அதற்கு முதல் இடம். 1968-ல் அதன் முதல் காட்சியில் எழுந்து வெளியே போனவர்கள் பலர். குப்ரிக் அதன் பிறகு 19 நிமிடத்தை வெட்டினார். அவருடைய 'தி ஷைனிங்' வந்த வருடம் மோசமான இயக்குநர் என்று ராஸி பரிந்துரை. அந்தப் படமும் இன்று விமர்சகர்களின் முதல் நூறில் இருக்கிறது. ஜோர்டன் பீலின் 'கெட் அவுட்' வந்த ஐந்தே வருடத்தில் அதே நூறுக்குள் நுழைந்ததும் உண்டு. காலம் எல்லாவற்றுக்கும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை.

இங்கே என்ன நடக்கிறது?

இது ஹாலிவுட் கதை மட்டும் இல்லை. 2010 பொங்கலுக்கு வந்த செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தை அன்று எத்தனை பேர் புரியவில்லை என்று ஒதுக்கினோம்? 2020-ன் கடைசி நாளில் அது மறுபடி தியேட்டருக்கு வந்தபோது கூட்டம் கொண்டாடியது. 'அன்பே சிவம்' டிவியில் ஓடி ஓடித்தான் ஊருக்குப் பிடித்தது. இப்போது முதல் காட்சி முடிவதற்குள், சில சமயம் இடைவேளையிலேயே, தீர்ப்பு மொபைலுக்கு வந்துவிடுகிறது. பெரிய ஹீரோ படம் அதைத் தாங்கும். டைம் மெஷினையோ பேயையோ நம்பி, புது ஆட்களோடு வருகிற படம் தாங்காது. திங்கட்கிழமை காலையில் அதன் காட்சிகள் குறைந்திருக்கும். புதன்கிழமை நீங்கள் தேடினால் ஊருக்கு வெளியே ஒரு ஸ்கிரீனில் இரவு 10.45 காட்சி மட்டும் இருக்கும்.

இதற்குத் தயாரிப்பாளர்கள் கண்டுபிடித்த மருந்து, விமர்சனத்துக்குத் தடை. படம் வெளியாகி முதல் மூன்று நாள் சமூக வலைதளங்களில் விமர்சனம் வரக் கூடாது என்று கேட்டு 2024 டிசம்பரில் தமிழ்த் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று சென்னை உயர் நீதிமன்றம் போனது. கருத்துச் சுதந்திரம் என்று சொல்லி, அப்படிப் பொத்தாம் பொதுவாகத் தடை போட நீதிமன்றம் மறுத்தது. சரியான முடிவு என்றுதான் நினைக்கிறோம். 200 ரூபாய் கொடுத்து டிக்கெட் வாங்கியவருக்கு, பிடிக்கவில்லை என்று சொல்ல மூன்று நாள் காத்திரு என்று யாரும் உத்தரவு போட முடியாது. அவதூறும் காசு வாங்கிய விமர்சனமும் வேறு விஷயம். அதற்குச் சட்டம் இருக்கிறது. அது மட்டுமில்லாமல், விமர்சனம்தான் பல சின்னப் படங்களுக்கு இலவச விளம்பரம். அதைப் பூட்டினால் முதலில் சாகிறதும் அதே சின்னப் படங்கள்தான்.

தடை வேண்டாம். ஆனால் தியேட்டர்களும் மல்டிபிளெக்ஸ்களும் ஒரு காரியம் செய்யலாம். இந்த வகைப் படங்களுக்கு முதல் வாரம் முழுக்கத் தினம் ஒரு மாலைக் காட்சியைக் குறைக்காமல் வைத்துப் பார்க்கலாம். திகில் படத்துக்குக் கூட்டம் வாய்வழிப் பேச்சில்தான் சேரும். ஆள் போய், பயந்து, தூக்கம் கெட்டு, மறுநாள் ஆபீஸில் சொல்ல ஒரு நாளாவது வேண்டாமா? ஓடிடி தளங்கள் படத்தின் மேல் ஐஎம்டிபி எண்ணை ஒட்டுவதை நிறுத்தினாலும் நல்லதுதான். டிக்கெட் ஆப்கள், முதல் நாள் ஓட்டையும் பத்து நாள் கழித்து வந்த ஓட்டையும் தனித்தனியாகக் காட்டலாம். தொழில்நுட்பத்தில் இது ஒன்றும் பெரிய மலை இல்லை.

நம் பங்குக்கு, பட்டியல் போடும்போது ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்திலும் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று வருடத்தை எழுதினால் போதும். நான் எழுதிப் பார்த்தேன். 'எக்ஸார்சிஸ்ட்' எனக்கு எப்போதும் முதல் மூன்றில் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதை முழுதாகப் பார்த்துப் பதினைந்து வருடம் ஆகியிருக்கிறது. அந்த இடத்தை எனக்குள் காப்பாற்றி வைத்திருந்தது படமா, அன்று பக்கத்து சீட்டில் அலறிய நண்பனா, தெரியவில்லை.

கேட்டுவிட்டீர்கள் என்பதால் இந்த வார நிலவரம்: ஹாரரில் 'தி திங்', 'ஏலியன்', 'க்வைடான்'. சயின்ஸ் ஃபிக்‌ஷனில் தார்கோவ்ஸ்கியின் 'ஸ்டாக்கர்', '2001', மறுபடியும் 'ஏலியன்'. 'பிளேடு ரன்னர்' நாலாவது, அதுவும் 2007 பதிப்பு மட்டும். இதைப் படித்த ஆசிரியர் குழு நண்பர் ஒருவர், "ஏலியனை ரெண்டு தடவை எண்றது போங்காட்டம்" என்கிறார். டீ சொல்லியாயிற்று.